அலுப்பை அனுப்பும் பெட்டி

மடிக்கணினிகள் வருஷத்துக்கு வருஷம் மெலிந்து மெலிந்து, கடைசியில் பரீட்சை அட்டை கனத்துக்கு வந்து, மவுஸுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, நெட் வயருக்கு ஒன்று என்று முன்பு தாராளமாக இருந்த ஓட்டைகளெல்லாம் தூர்ந்துபோய், விலாப்பக்கம் அரிசி அளவில் இரண்டே துளைகள் மிஞ்சிய காலத்தில், திருப்பூரில் சுபயோகம் நிட்ஸ் என்று ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனிக்குள் நாற்காலி முதல் பினாயில் வரை எது வருவதானாலும் நிர்வாகப் பிரிவு தமயந்தியின் கையெழுத்து இல்லாமல் வராது. ஆகவே அந்த ஊரில் பாதி வீடுகளில் நடந்த கூத்துக்கெல்லாம் தமயந்திதான் காரணம் என்று பின்னாளில் பேசிக்கொண்டவர்கள் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

புது மடிக்கணினிகள் எல்லோருக்கும் வந்திறங்கின. ஆனால் மெர்ச்சண்டைசர்கள் இருக்கிறார்களே, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு இந்தக் கையால் பணிவாக மெயில் எழுதிக்கொண்டே, அந்தக் கையில் போனைப் பிடித்துச் சாயப்பட்டறைக்காரனிடம் தொண்டை கிழியக் கத்தி, எப்படியாவது சரக்கைக் கப்பலேற்றிவிடுகிற பாவப்பட்ட ஜென்மங்கள், அவர்களுக்கு மேஜைக்கு இரண்டு திரை வேண்டும், கீபோர்டு வேண்டும், மவுஸ் வேண்டும், நெட் வயர் வேண்டும், சார்ஜும் ஏற வேண்டும். இத்தனையையும் இரண்டு துளைக்குள் திணிக்க முடியாது. அதற்கென்று ஒரு பெட்டி விற்கிறார்கள். எல்லா வயரும் பெட்டிக்குள் போகும், பெட்டியிலிருந்து ஒரே ஒரு வயர் மடிக்கணினிக்குப் போகும். டாக்கிங் ஸ்டேஷன் என்பது முழுப்பெயர். ஆபீசில் டாக் என்றார்கள்.

சுபயோகம் நிட்ஸில் எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன், மூன்று சாம்பிள் வேண்டும். வருஷா வருஷம் ஐரோப்பாவிலிருந்து ஆடிட்டர்கள் வந்து கோப்பைப் புரட்டுவார்கள் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நடப்பது என்னவென்றால், வாங்கப்போவது எது என்று முதலாளி முன்பே சொல்லிவிடுவார், ஒப்புக்கு வைக்க இன்னும் இரண்டு மோசமான சாமான்களை அதே டீலரே துணைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். திருப்பூரில் இதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை. தமயந்தி மட்டும் இந்தத் தடவை, ஏதோ நேர்மை வந்தவளைப் போல, மூன்றையும் மேஜையில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள்.

முதல் டாக்கை மாட்டியதும் இடப்பக்கத் திரை கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவது டாக்கில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது, ஆனால் தோசைக்கல் மாதிரி சுட்டது. பதினோரு மணிக்கு வந்த போண்டாவை அதன் மேல் வைத்து மத்தியானம் வரை சூடு ஆறாமல் தின்றார்கள். மூன்றாவது, பெயரில்லாத, விளக்குகூட எரியாத ஒரு சாம்பல் நிறப் பெட்டி. டீலர், இதைத் தான் கொண்டுவந்ததாகவே ஞாபகமில்லை என்றார், இருந்தாலும் பில் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதை லோகநாயகியின் மேஜையில் மாட்டினார்கள். லோகநாயகி மெர்ச்சண்டைசர்களில் மூத்தவள், கல்யாணமாகாதவள், தமயந்தியின் வீட்டுக்கு அடுத்த வீதியில் அம்மாவோடு இருப்பவள். வயரைச் சொருகியதும் இரண்டு திரையும் பளிச்சென்று எழுந்தன, நெட் வந்தது, சார்ஜ் ஏறியது. முதல் ஷிப்மெண்ட் காலத்தில் லோகநாயகியின் கழுத்தில் ஏறி உட்கார்ந்து இத்தனை வருஷமாக இறங்காமல் இருந்த வலி, இறங்கிப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவள் தலைக்குக் குளித்தவள் போல நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. நல்ல சாமான் என்றார்கள். தமயந்தி சோதனைத் தாளில், திரை சரி, நெட் சரி, அலுப்பு ஏற்படுவதில்லை என்று வரிசையாக எழுதி வைத்தாள்.

மறுநாள் லோகநாயகி வந்து மேஜையோரம் நின்றாள்.

"என்ற அம்மாவுக்குக் கழுத்து வலிங்க்கா. எனக்கு எங்க வலிச்சுட்டு இருந்துச்சோ, அதே எடம்."

"தைலம் தேச்சு உடு."

"தேச்சு உட்டனுங்க. எனக்கு வெந்நி வெக்கறேன்னு அடுப்புகிட்ட உக்காந்தவங்க அப்படியே தூங்கிப் போயிட்டாங்க. சட்டி தண்ணியெல்லாம் சுண்டிப்போச்சு." அவள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "பாவமாத்தான் இருக்குது. ஆனா ஒடம்பு என்னமா லேசா இருக்குது தெரியுங்களா!"

ஒரு மேஜையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று, அதே சாம்பல் பெட்டியில் இன்னும் சிலவற்றை வரவழைத்து முன்வரிசை முழுக்க மாட்டினார்கள். முன்வரிசையில் ஜெரால்டு என்று ஒருவன், தூத்துக்குடிப் பக்கம், தாயும் இல்லை தகப்பனும் இல்லை, லாட்ஜில் தனி அறை. அவனுடைய அலுப்பு எங்கே போகும் என்று எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். தினமும் சாயங்காலம் பிஸ்கட் போடுவானே என்று லாட்ஜ் வாசலில் அவனுக்காகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு செவலை நாய், அன்று நிற்க மாட்டாமல் படுத்தது. படுத்தது படுத்ததுதான். அந்த வாரக் கடைசியில் கார்ப்பரேஷன் வண்டி வந்து தூக்கிப் போயிற்று. ஜெரால்டு டீ போடும் பேன்ட்ரியில் நின்று அழுதான், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான், மாசக் கடைசி ஷிப்மெண்ட் இருந்ததால் வயரைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தான். அலுப்பு ரத்த சம்பந்தம் பார்த்துப் போவதில்லை, தாலி பார்த்துப் போவதில்லை, நீ எப்போது வருவாய் என்று எவர் ஆசையோடு காத்திருக்கிறாரோ அவரைத் தேடிப் போகிறது என்று இப்படித்தான் எல்லோருக்கும் விளங்கியது.

விளங்கியதும் ஊர் என்ன செய்தது என்றால், பழகிக்கொண்டது. முன்வரிசைக்காரர்களின் பெண்டாட்டிகள் தண்ணீர்க் குழாயடியில் கூடி, எங்க வீட்டுக்காரர் அலுப்பு மொத்தமும் எனக்குத்தான், காலை ஊனவே முடியவில்லை என்று சலித்துக்கொள்கிற சாக்கில் பீற்றிக்கொண்டார்கள். சலிப்பில்லாமல் சுறுசுறுப்பாக நடமாடியவளை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த டிஸ்பாட்ச் பொறுப்பாளரின் அலுப்பு அவர் மனைவியிடம் போகாமல், நொய்யல் ஆற்றுக்கு அந்தக் கரையில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்து, அவள் மிஷினிலேயே தலை சாய்த்துத் தூங்கியதில் அந்தக் குடும்பம் நாறிப்போயிற்று. காத்திருக்க யாருமில்லாதவர்களின் அலுப்பு அவர்களிடமே தங்கியது. அது வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று அவர்கள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வெடுக்கு வெடுக்கென்று நடந்தார்கள். வேலை தேடி அலையும் கிழவர்களைப் பிடித்து வீட்டு வாசலில் உட்கார வைத்துக் காத்திருக்கச் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. கிழவர்கள் கூலிக்குத்தான் காத்திருந்தார்கள், ஆளுக்கு அல்ல. அதனால் ஒரு துளி அலுப்பும் அவர்களிடம் போகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் டாக்குங்களா என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஐரோப்பாவிலிருந்து ஆடிட்டர்கள் வந்தார்கள். ஓவர்டைம் பார்த்து உடம்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முன்வரிசையில் ஒருவருக்கும் அலுப்பில்லை. அவர்கள் அதட்டிக் கேட்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள், முதலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்கள். அலுப்பில்லைங்க சார், சத்தியமாக இல்லைங்க என்றார்கள், அது உண்மையாகவும் இருந்தது. கம்பெனிக்கு இதுவரை கிடைக்காத உயர்ந்த தரச்சான்று கிடைத்தது.

முதலாளி நவநீதன் சின்ன வயசுக்காரர், வெளிநாட்டில் படித்தவர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசாதவர். எல்லா வரிசைக்கும் சாம்பல் பெட்டியையே போட்டுவிடலாம் என்று தமயந்தியை அறைக்குக் கூப்பிட்டார்.

"மூணையும் ஓட்டிப் பாத்து இதுதான் நல்லதுன்னு நீங்க எழுதோணுங்க்கா. ஃபைலுக்கு அதுதான் முக்கியம்."

"சார், ரெண்டாவது டாக்கும் நல்லாத்தான் வேலை செய்யுதுங்க. கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்."

"சுட்டா ஆடிட்ல உடுவாங்களா? ஃபயர் சேஃப்டின்னு புடிச்சுக்குவாங்க."

"ஜெரால்டோட நாய் செத்துப்போச்சுங்க. லோகநாயகி அம்மா சோறு திங்கக்கூட எந்திரிக்கறதில்லைங்களாமா."

"நாய்க்கு என்ன சீக்கோ, நமக்கென்னங்க்கா தெரியும்?" நவநீதன் பேனாவை எடுத்து அவள் பக்கம் மெல்லத் தள்ளினார். "நீங்க எதுக்குப் பயப்படறீங்கன்னு தெரியுது. பாப்பா இருக்குதில்லைங்க? உங்க டேபிள்ல போடச் சொல்லலை. நீங்க பழைய கம்ப்யூட்டர்லயே இருங்க."

தமயந்தி கையெழுத்துப் போட்டாள். இதை மூடி மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தன் பிள்ளை தப்பித்துக்கொண்டது என்று தெரிந்த மாத்திரத்தில், மற்ற அத்தனை பிள்ளைகளின் மேலும், தாய்மார்களின் மேலும், வாசல் பார்த்துக் காத்திருக்கும் யார் யார் மேலோ எல்லாம் அவள் கை கூசாமல் எழுதியது. முதல் டாக் கண்ணுக்குக் கெடுதி, இரண்டாவது டாக் தீ அபாயம், மூன்றாவது டாக் பணியாளர் நலனுக்கு உகந்தது. எழுதிவிட்டு அவள் வெளியே வந்தபோது ஒரு டீ சாப்பிட்டால் தேவலை என்றிருந்தது, சாப்பிட்டாள்.

எல்லா மேஜைக்கும் பெட்டி வந்தது. கொஞ்ச நாளில் மற்ற கம்பெனிகளும் அதையே வாங்கிப் போட்டன. சாயங்காலமானால் ஆபீஸ்களிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் போல முகம் மலர்ந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள், வீதிகளில் கதவோரங்களிலும் அடுப்படிகளிலும் மாடிப்படிகளிலும் அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடந்தார்கள், வந்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்த் தாங்களே சோறு போட்டுத் தின்றார்கள்.

லோகநாயகியின் அம்மா ஒருநாள் மத்தியானம் கதவோரம் தலை சாய்த்தவர் எழவில்லை. வந்து பார்த்த டாக்டர் வயசாயிற்று என்றார். அம்மாவுக்கு அப்படி ஒன்றும் வயசாகவில்லை. காரியம் முடிந்து ஆபீசுக்குத் திரும்பிய லோகநாயகி தன் அலுப்பைத் தானே சுமந்துகொண்டு, காலில் ஆணி வந்தவளைப்போல ஒவ்வோர் அடியும் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். இனி அவளுக்குக் காத்திருக்க ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்த பின், யாரையும் பார்க்காமல் அவள் கேட்டாள்.

"தமயந்திக்கா டேபிள்ல மட்டும் ஏன் டாக் இல்லைங்க?"

தமயந்தியின் பக்கம் அத்தனை முகங்களும் திரும்பின.

"எனக்கு ரெண்டு ஸ்கிரீன் வேலை இல்லையே லோகா."

"பணியாளர் நலனுக்கு நல்லதுன்னு எழுதுனது நீங்கதானுங்களே. உங்க நலன் எங்களுக்கு முக்கியமில்லைங்களா?"

ஆமாம் என்றார்கள் எல்லோரும். எங்க வீட்டுக்கு ஒரு நியாயம், உங்க வீட்டுக்கு ஒரு நியாயமா என்று டிஸ்பாட்ச் பொறுப்பாளர் சத்தம் போட்டே கேட்டார். நவநீதனிடம் விஷயம் போனது. அவர் மிகவும் வருத்தப்பட்டார், தமயந்திக்குக் கொடுத்த வாக்கு ஞாபகமிருப்பதாகச் சொன்னார், ஆனால் ஆட்களுக்குள் பாகுபாடு என்று பேச்சு வந்துவிட்டால் தரச்சான்று போய்விடும் என்றும் சொன்னார். மறுநாள் காலை அவளுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் சாம்பல் பெட்டி இருந்தது. லோகநாயகியே வந்து மேஜைக்கடியில் குனிந்து எல்லா வயரையும் சொருகிக் கொடுத்துவிட்டு, கடைசி ஒற்றை வயரை மட்டும் அவள் கையில் கொடுத்தாள்.

தமயந்தியின் கணவன் லூதியானாவில் நூல் கம்பெனியில் இருந்தான், தீபாவளிக்கு வருவான். வீட்டில் அவளும் மகள் நித்திலாவும்தான். ஒன்பது வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கீழ்வீட்டம்மா கொடுப்பதைத் தின்றுவிட்டு, வீதி முக்கில் பால் பூத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். தமயந்தி அங்கே ஸ்கூட்டியை நிறுத்துவாள், பிள்ளை முன்னால் ஏறி நிற்பாள், வீடு வருகிற வரை வீதி முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போவாள். யாராவது திட்டினால் இன்னும் இரண்டு தடவை அடிப்பாள். அந்த ஒரு வீதி நீளத்துக்காகத்தான் பிள்ளை பகலெல்லாம் காத்திருந்தாள். வேறு எதற்கும் அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

டாக் மாட்டிய முதல்நாள் தமயந்தி வீடு திரும்பியது எப்படி இருந்தது என்று சொன்னால் பாவம். பத்து வருஷமாக இடுப்பில் இருந்த பிடிப்பு இல்லை, கண் எரிச்சல் இல்லை, இருபது வயசில் பஸ்ஸுக்கு ஓடிய கால் திரும்பி வந்திருந்தது. பிள்ளையை இறக்கிவிட்டு இன்றைக்குத் தாயம் ஆடலாம், மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம், கதை சொல்லலாம் என்று அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி முக்குக்கு வந்தபோது, நித்திலா பால் டப்பாக்களின் மேல் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. இத்தனை நாள் விளையாடக் கூப்பிட்ட பிள்ளையிடம் அலுப்பாயிருக்கு சாமி, நாளைக்கு என்று சொன்னவளுக்கு, இப்போது தெம்பு இருந்தது, பிள்ளை இல்லை.

நித்திலா வகுப்பில் தூங்கினாள். வீட்டுல நேரத்தோட படுக்க மாட்டாளுங்களா என்று டீச்சர் கேட்டார். வீட்டுக்கு வந்தால் பிள்ளை, கண்ணெல்லாம் எரியுதும்மா என்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினாள், தூக்கத்தில் அவள் விரல்கள் போர்வையின் மேல் டைப் அடித்தன. வேலையை விட்டுவிடலாமே என்று சுலபமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாடகையும் பள்ளிக்கூடச் செலவும் அவர்கள் பாட்டனா கட்டுவான்? அப்படியே விட்டாலும் போகிற கம்பெனியில் எல்லாம் அதே பெட்டிதான் இருந்தது. ஜெரால்டின் நாயைத் தமயந்தி நினைத்தாள், பாடையில் பார்த்த லோகநாயகியின் அம்மா முகத்தை நினைத்தாள். பிள்ளை பிழைக்க ஒரே வழிதான் இருந்தது. நித்திலா அவளுக்காகக் காத்திருப்பதை நிறுத்த வேண்டும்.

தமயந்தி அதில் இறங்கினாள். எதிலும் அரைகுறையாக இறங்குகிறவள் இல்லை அவள். மறுநாள் சாயங்காலம் பால் பூத்தருகே பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு நிற்க, தமயந்தி ஸ்கூட்டியை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள். நித்திலா பின்னால் ஓடி வந்தாள்.

"ஏம்மா நிக்காம வந்த? என்னய பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா?"

"நேரமில்ல."

"நாளைக்கு நிப்பியா?"

"மாட்டேன். நீ அங்க வந்து நிக்காத. எனக்குப் புடிக்கல."

அடுத்த நாள் பிள்ளை இன்னும் சீக்கிரமாகவே வந்து நின்றாள். தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம், அதனால்தான் அம்மா நிறுத்தவில்லை என்று நினைத்து, தலை வாரி, பவுடர் போட்டு, வீட்டுப்பாட நோட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமயந்தி கடந்து போனாள். அன்றைக்கு அலுப்பு முன்னிலும் அதிகமாகப் பிள்ளையிடம் போயிற்று. ஆசையை அறுப்பது அத்தனை சுலபமில்லை என்று கண்ட தமயந்தி, இன்னும் ஆழமாக அறுத்தாள். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டம்மாவும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கூடியிருக்க, வெறுங்கையோடு வந்து மறந்துட்டேன் என்றாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருவதாகச் சொல்லிப் போகவில்லை. பிள்ளை மேலே வந்து ஒட்டிப் படுத்தால், வேர்க்குது, அக்கட்டால போ என்று நகர்த்தினாள். நகர்த்திய கையை இருட்டில் தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

பலன் தெரிந்தது. முதலில் அவள் விரல் நுனியில் ஒரு மதமதப்பு வந்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு கண் எரிந்தது. ஒவ்வொரு வலியாகத் தன்னிடமே திரும்பி வரவர அவள் விரத பலனைக் கண்டவள் போலப் பூரித்தாள். இடுப்புப் பிடித்துக்கொண்ட அன்று ஆபீஸ் பாத்ரூமில் நின்று சந்தோஷத்தில் அழுதாள். நித்திலா இன்னமும் வகுப்பில் தூங்கத்தான் செய்தாள், கன்னம் ஒட்டித்தான் இருந்தது. பழைய அலுப்பு உடம்பிலிருந்து வடிய நாளாகும் என்று தமயந்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளை அவளிடம் எதுவும் கேட்பதை நிறுத்தியிருந்தாள். இரவில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதே நாட்களில் லோகநாயகி தேறினாள். முதலில் நடை நிமிர்ந்தது, அப்புறம் கண்ணுக்கடியில் இருந்த கருவளையம் போயிற்று, அப்புறம் காதில் புதுசாக ஜிமிக்கி ஏறியது. கல்யாணமாகாத பெண்ணின் அலுப்பு போகிறது என்றால் ஆபீஸ் சும்மா இருக்குமா? சாப்பாட்டு மேஜையில் கேலி தொடங்கியது.

"ஏனுங் லோகா, யாரோ காத்துக் கெடக்கறாங்களாட்ட இருக்குது?" என்றான் ஜெரால்டு. இத்தனை வருஷத்தில் அவனுக்கும் ஊர்ப் பேச்சு ஒட்டியிருந்தது.

"கெடக்கறாங்க."

"மாப்ள எந்த ஊருங்க?"

லோகநாயகி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உள்ளூர்தான்" என்றாள். மேஜை முழுக்கச் சிரித்தது. தமயந்தியும் சிரித்தாள். அம்மாவைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று அவளுக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. தன் கையெழுத்தின் பாவம் கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது. ஊறுகாய்ப் பாட்டிலை லோகநாயகியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், வயரைப் பிடுங்கிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்த தமயந்திக்குக் காலே நகரவில்லை. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், கண், ஒன்று பாக்கியில்லாமல் மொத்த அலுப்பும் அவள் மேலேயே இறங்கியிருந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. அறுந்தது, பிள்ளை முழுசாக என்னை விட்டுவிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது, நெஞ்சு ஒருபக்கம் பிளந்தது, ஒருபக்கம் ஆறியது. இனி பயமில்லை. இனி பக்கத்தில் போய் உட்காரலாம், தலை வாரிவிடலாம், அவள் வெறுத்தாலும் பரவாயில்லை, வெறுத்தபடியே சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தால் போதும், என்றைக்காவது ஒருநாள் எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். ஸ்கூட்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு, வலியை ஒரு பிரசாதம் போல ஏந்திக்கொண்டு, அவள் வீதி முக்குக்கு வந்தாள்.

பால் பூத்துக்குப் பக்கத்தில் நித்திலா நின்றிருந்தாள். தலை வாரியிருந்தாள், பவுடர் போட்டிருந்தாள். எட்டி எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் இன்னும் காத்திருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இவ்வளவு அலுக்கிறது? அத்தனை மாசத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தமயந்தி அந்த இடத்தில் பிரேக்கைப் பிடித்தாள்.

"ஏறு சாமி."

நித்திலா அவளைப் பார்த்தாள். வழியில் நிற்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"நீங்க போங்கம்மா. நான் உங்களுக்கு நிக்கல."

"பின்ன யாருக்கு?"

பிள்ளை பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது, நித்திலாவின் முகம் விளக்குப் போட்ட வீடு போல வெளிச்சமாயிற்று, "அத்தை!" என்று கத்திக்கொண்டு தமயந்தியின் வண்டியைச் சுற்றி ஓடினாள். லோகநாயகி காலை ஊன்றி நின்றாள். தினமும் இப்படித்தான், தமயந்தி நிறுத்தாமல் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் இந்த வழியாகத்தான் வருவாள், பிள்ளையை ஏற்றித் தன் வீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தமயந்தி கண்ணில் படாமல் இறக்கிவிடுவாள். அழுதுகொண்டு நின்ற பிள்ளையை முதன்முதலில் ஏற்றிக்கொண்டது இரக்கத்தினாலா என்று அவளுக்கே தெரியாது. நித்திலா ஏறி நின்றாள், ஹாரனில் கையை வைத்தாள், இரண்டு தடவை அடித்தாள், மூன்றாவது தடவை அடிக்கத் தெம்பில்லாமல் கை நழுவி, தலை அப்படியே ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்தது. லோகநாயகி ஒரு கையால் பிள்ளையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்குக் களைப்பே இல்லை. முகம் தெளிவாக இருந்தது.

"லோகா, வேண்டாம்," என்றாள் தமயந்தி. வண்டியை விட்டு இறங்கப் பார்த்தாள், முழங்கால் மடங்க மறுத்தது. "என்ற புள்ள செத்துப்போயிரும்."

லோகநாயகி அவளை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரொம்ப அலுப்பாத் தெரியறீங்க்கா," என்றாள். "வீட்டுக்குப் போயிக் கொஞ்சம் படுங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."